கைப்பேசி வலைச்செயலிகளைச் சோதித்தல்: கணினியும் கருவிகளும்



தமிழ்நாட்டை விட்டு வெளியே குடியேறும் நம்மவர் முதலில் ஒரு கோயில் எழுப்புவர், அடுத்து ஒரு சங்கம் காண்பர் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இக்காலத்தில் இவ்விரண்டோடு மூன்றாவது ஒன்றும் சேர்ந்துகொண்டது. சங்கம் அமைந்த மறுமாதமே அதற்கு இணையத்தில் ஒரு பக்கமும் அமைந்துவிடுகிறது. பொங்கல் விழாவுக்கு முன்பதிவு, கல்வி உதவிக்கு விண்ணப்பம், குருதி வழங்குவோர் பட்டியல் ஆகிய யாவும் அதன் வழியே நடைபெறுகின்றன. அவற்றைத் திறப்போர் கணினியின்முன் அமர்வதில்லை. கையிலுள்ள பேசியிலேயே திறக்கின்றனர். கடையிலிருந்து இறக்கி நிறுவ வேண்டாது, உலாவியில் முகவரியை இட்ட அளவில் இயங்கும் இத்தகைய பக்கங்களையே வலைச்செயலி என்கிறோம்.

இவற்றை இயற்றுவோர் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகளே. இயற்றுவது ஒரு திறன். இயற்றியதைச் சோதிப்பது வேறொரு திறன். அச்சோதனைக்கு எத்தகைய கணினி வேண்டும், எவ்வெக் கருவிகள் வேண்டும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நாம் தொழிலால் மொழிபெயர்ப்பாளர். தில்லியில் நடுவண் அரசின் அலுவலகம் ஒன்றில் ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்குவது நமது பணி. கலைப்பட்டம் பெற்றோமேயன்றிக் கணினியியல் பயின்றோமில்லை. அவ்வாறாயின் இப்பொருளைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி யாது என்று கேட்பீர்கள். நாம் செய்த பிழையே நமது தகுதி. அதனை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எம் குடியிருப்புப் பகுதியில் அன்பர்கள் சிலர் கூடி நடத்தும் சிறு குழு ஒன்று உண்டு. வீட்டுவேலை செய்தும், தள்ளுவண்டியில் இட்டலி விற்றும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அக்குழு அளித்து வருகிறது. 2024-ஆம் ஆண்டு இதற்கான விண்ணப்பத்தைக் கைப்பேசி வழியே பெறுவதென்று முடிவு செய்தோம். குழுவிலுள்ள இளைஞர் ஒருவர் படிவத்தை ஆங்கிலத்தில் அமைத்தார். அதனைத் தமிழாக்கும் பொறுப்பு நமக்கு வந்தது. இளைஞர் தம் பெரிய கணினித் திரையிலும், தமது விலையுயர்ந்த கைப்பேசியிலும் படிவத்தைத் திறந்து காட்டினார். அழகாகவே இருந்தது. அனைவரும் பாராட்டினோம்.

படிவம் மூடப்பட்ட மறுநாட் காலையில் ஓர் அம்மையார் எம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். கள்ளக்குறிச்சிப் பக்கத்தவர், நான்கு வீடுகளில் வேலை செய்பவர். மகள் பத்தாம் வகுப்பில் தேறியிருந்தாள். “ஐயா, எழுத வேண்டியதையெல்லாம் எழுதிவிட்டேன். அனுப்புகிற இடத்தைத்தான் காணோம். இரண்டு இரவு தேடினேன்” என்று சொல்லித் தம் கைப்பேசியை நீட்டினார். விரிசல் விழுந்த சிறு திரை. நாம் வாங்கிப் பார்த்தோம். அனுப்பும் பொத்தான் உண்மையிலேயே இல்லை.

காரணம் பின்னர் விளங்கிற்று. ஆங்கிலத்தில் ஆறே எழுத்தில் இருந்த ஒரு சொல்லை நாம் ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்று தமிழாக்கியிருந்தோம். அதனருகே நின்ற பொத்தானுக்கு ‘முந்தைய பக்கத்திற்குத் திரும்பவும்’ என்று பெயரிட்டிருந்தோம். அலுவலக நடையில் இரண்டும் குற்றமற்ற தொடர்கள். ஆயின் சிறு திரையில் முதற் பொத்தானே இடம் முழுவதையும் அடைத்துக்கொள்ள, இரண்டாவது திரைக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டது. பக்கமோ பக்கவாட்டில் நகராதபடி பூட்டப்பட்டிருந்தது. அவ்வாண்டு தொகை அதற்குள் பங்கிடப்பட்டுவிட்டமையால் அம்மையார் வட்டிக்குக் கடன் வாங்கியே மகளைப் பதினோராம் வகுப்பிற் சேர்த்தார். எம் மொழிபெயர்ப்பால் ஒருவருக்கு வட்டி ஏறியது என்பதை நாம் இன்றும் மறந்தோமில்லை.

இதன்பின் குழு எமக்கும் அவ்விளைஞருக்கும் 60,000 ரூபாய் ஒதுக்கி, “சோதிப்பதற்குத் தக்க கணினியையும் கருவிகளையும் வாங்குங்கள்” என்று பணித்தது. இளைஞருக்கு அத்தொகை முழுவதையும் ஒரே கணினிக்குச் செலவிடும் எண்ணம் இருந்தது. “தம்பி, அந்த அம்மையார் கையில் இருந்தது கணினியா, கைப்பேசியா?” என்று கேட்டோம். அவர் சற்றுச் சிந்தித்து, “சரி சார், பாதிக்கு மேல் கணினிக்கு வேண்டாம்” என்றார். அன்று எடுத்த அம்முடிவே நாம் சொல்லவிருக்கும் அனைத்திற்கும் அடிப்படை. நூலைப் பதிப்பிப்போர் அச்சுப்படியைத் திருத்துவதுபோல, படிப்பவன் கையில் எது சேருமோ அதனையே நாம் பார்க்க வேண்டும்.

இனிக் கணினியைத் தெரிவு செய்யும் முறையைக் காண்போம்.

சோதனைக்கு வேண்டிய கணினி படம் வரைவோர்க்கும் விளையாடுவோர்க்கும் உரிய பெருவிலைக் கணினியன்று. ஆயினும் அது ஒரே வேளையில் மூன்று வேலைகளைச் செய்தாக வேண்டும். பக்கத்தை இயக்க வேண்டும். பல உலாவிகளைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கைப்பேசியைப் போல நடிக்கும் மென்பொருளைத் தாங்க வேண்டும். இம்மூன்றாவதே பாரமானது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்னும் இலவசத் தொகுப்பில் வரும் போலிக் கைப்பேசி, ஒரு முழுக் கைப்பேசியையே கணினியின் நினைவகத்திற்குள் இயக்குகிறது. ஆதலின் 8 ஜி.பி. நினைவகம் திணறும், 16 ஜி.பி. வேண்டும். சேமிப்பகம் சுழலும் வட்டாக இராமல் எஸ்.எஸ்.டி. ஆக இருத்தல் நன்று, 256 ஜி.பி. அளவிருப்பின் தொடங்குவதற்குப் போதும். செயலியில் மெய்நிகராக்க வசதி இருக்க வேண்டும். அவ்வசதி இருந்தும் பல கணினிகளில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கணினி எழும்போது தோன்றும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில் அதனை இயக்கிவிடாவிட்டால், போலிக் கைப்பேசி ஆமை வேகத்தில் நகரும். அல்லது எழவே எழாது.

பழைய கணினி வாங்குவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதனினும் பழைய கணினி மலிவாகக் கிடைப்பின், உபுண்டு போன்ற லினக்ஸ் இயக்குதளத்தை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். நாம் இங்கே சொல்லப்போகும் கருவிகளுள் ஆப்பிளுக்கே உரியவை நீங்கலாக ஏனையவை லினக்ஸிலும் இயங்குவனவே.

ஆப்பிள் கணினி வேண்டுமா என்று பலர் கேட்பர். ஐஃபோனைப் போல நடிக்கும் ஆப்பிளின் மென்பொருள் எக்ஸ்கோடு தொகுப்பில் வருகிறது. எக்ஸ்கோடு மேக் கணினியில் மட்டுமே இயங்கும். மெய்யான ஐஃபோனில் ஒரு பக்கத்தின் உள்ளுறுப்புகளைச் சஃபாரியின் ஆய்வுக் கருவியால் திறந்து பார்ப்பதற்கும் மேக் தேவை. நாள்தோறும் இத்தொழிலே செய்வோர் அதனை வாங்கத்தான் வேண்டும். எம்மைப் போன்ற சிறு குழுக்களுக்கோ, உறவினர் வீட்டு மேக் கணினியை மாதம் ஒரு நாள் இரவல் பெறுவதே போதும்.

ஐஃபோனை அறவே விட்டுவிடலாகாதோ எனின், ஆகாது. ஆண்ட்ராய்டில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் வெவ்வேறு எந்திரங்களால் இயங்குவன. ஐஃபோனிலோ, பெயர் குரோமாக இருப்பினும் உள்ளே இயங்குவது ஆப்பிளின் வெப்கிட் எந்திரமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டத்தின் பொருட்டு 2024 முதல் ஆப்பிள் இதனைத் தளர்த்த நேர்ந்தது. நம் நாட்டில் அத்தளர்வு இல்லை. ஆதலின் குரோமில் சரியாகத் தோன்றிய பக்கம் ஐஃபோனிலும் அவ்வாறே தோன்றும் என்று உறுதி கூற இயலாது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, எம் பணத்தை இவ்வாறு பகிர்ந்தோம். நேரு பிளேஸ் அங்காடியில் 16 ஜி.பி. நினைவகமுள்ள பழைய மடிக்கணினி ஒன்று 24,000 ரூபாய்க்குக் கிடைத்தது. மூன்று கைப்பேசிகளுக்கு 26,000 ரூபாய். எஞ்சிய 10,000 ரூபாயை வாடகைச் சோதனைக்கென்று ஒதுக்கினோம். அது யாது என்பதைப் பின்னர் சொல்லுவோம். பெங்களூரில் வாழ்வோர்க்கு எஸ்.பி. ரோடும், மும்பையில் லாமிங்டன் சாலையும், கொல்கத்தாவில் சாந்தினிச் சந்தையும் இத்தகைய பொருள்களுக்குப் பேர்போன இடங்கள்.

மூன்று கைப்பேசிகள் எவை? ஒன்று, 2 ஜி.பி. நினைவகமும் சிறு திரையும் உடைய மலிவான ஆண்ட்ராய்டு. மற்றொன்று, இடைநிலையில் உள்ள சற்றுப் புதிய ஆண்ட்ராய்டு. மூன்றாவது, பழைய ஐஃபோன். இவற்றுள் முதலாவதே எமக்குக் குருவாயிற்று. ஆண்ட்ராய்டு 8, 9 ஆகியவற்றுக்குக் குரோம் உலாவி 2025 முதல் புதிய பதிப்புகள் தருவதில்லை. எனினும் ஏழைகள் கையில் அவ்வகைப் பேசிகள் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. பழைய கைப்பேசி வாங்கும்போது, நட்சத்திரம், கட்டம், 06, கட்டம் என்று அழுத்தினால் அதன் 15 இலக்க அடையாள எண் தோன்றும். தொலைத்தொடர்புத் துறை 2023-இல் தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அவ்வெண் முடக்கப்பட்டதா என்று பார்த்து வாங்குக. களவுப்பொருளை அறியாது வாங்கிவிட்டு அல்லற்படலாகாது.

இனிக் கருவிகள். முதற் கருவி உங்கள் கணினியில் ஏற்கெனவே உள்ளது, அதற்கு விலையில்லை. குரோம் உலாவியில் எஃப் 12 விசையை அழுத்தினால் ஆய்வுப் பலகை திறக்கும். அதில் கைப்பேசி வடிவக் குறியைத் தொட்டால், பக்கம் கைப்பேசி அகலத்திற்குச் சுருங்கும். அகலத்தை 360 என்றும் பின்னர் 320 என்றும் வைத்துப் பாருங்கள். எம் பொத்தான் காணாமற் போனதை இதிலேயே ஒரு நிமிடத்தில் கண்டிருக்கலாம்! இணைய வேகத்தைக் குறைத்துக் காட்டும் வசதியும், கணினியின் வேகத்தை நான்கில் ஒன்றாக, ஆறில் ஒன்றாகத் தணித்துக் காட்டும் வசதியும் அங்கேயே உண்டு. ‘லைட்ஹவுஸ்’ என்னும் பகுதி பக்கத்தின் வேகத்தையும், பார்வையற்றோர்க்கு அது பயன்படும் பாங்கையும் அளந்து மதிப்பெண் இடும். எனினும் இது நிழலேயன்றி மெய்யன்று. விரலின் பருமனும், வெயிலில் மங்கும் திரையும், நினைவகப் பஞ்சமும் இந்நிழலில் தெரியா.

ஆகவே இரண்டாவது கருவி, ஒரு யூ.எஸ்.பி. கம்பி. கைப்பேசி அமைப்புகளில் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை 7 முறை தொட்டால், உருவாக்குவோர்க்குரிய பட்டியல் திறக்கும். அதில் யூ.எஸ்.பி. வழி ஆய்வை இயக்கிக் கணினியோடு பிணைத்தால், மெய்யான கைப்பேசியில் நிகழ்வதைக் கணினியின் குரோமிலே பார்க்கலாம். எக்கோப்பு தாமதமாக இறங்குகிறது, எவ்வரி பிழையால் நிற்கிறது என்பதெல்லாம் கண்முன் தோன்றும். இக்கம்பியைவிடப் பயன்மிக்க பொருளை நாம் வாங்கினோமில்லை.

மூன்றாவது, தானே சோதிக்கும் கருவி. படிவத்தில் ஒரு வரி மாறினாலும் முழுச் சோதனையையும் மீண்டும் செய்தாக வேண்டும். மனிதர்க்கு அது சலிப்பூட்டும். 2004-இல் பிறந்த செலினியம் இத்துறையில் மூத்தது. மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட பிளேரைட் என்பதன் பெயருக்கு நாடகாசிரியன் என்பது பொருள். ‘பெயரை எழுதுக, வகுப்பைத் தெரிக, பொத்தானை அழுத்துக’ என்று நாம் ஒரு முறை காட்சி எழுதிக் கொடுத்தால், குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் ஆகிய மூன்று எந்திரங்களிலும் அதனை நடத்திக் காட்டும். இரண்டும் இலவசம். ஆயினும் அதிலுள்ள வெப்கிட் ஐஃபோனின் சஃபாரியே அன்று. ஆதலின் கையிலுள்ள ஐஃபோனிலும் ஒரு முறை பார்த்துவிடுவதே முறை.

நான்காவது, வாடகைக் கைப்பேசிகள். மும்பையில் 2011-இல் தொடங்கிய பிரௌசர்ஸ்டாக் என்னும் நிறுவனம், மெய்யான கைப்பேசிகள் பலவற்றைத் தன் நிலையங்களில் அடுக்கி வைத்து, இணையத்தின் வழி நம் திரையில் இயக்கத் தருகிறது. வாங்க இயலாத மாதிரிகளை இவ்வகையில் ஒரு திங்கள் வாடகைக்கு எடுத்துச் சோதிக்கலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். எச்சோதனைக்கும் மெய்யான ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கையோ இடலாகாது. கற்பனைப் பெயர்களும் எண்களுமே போதும்.

கருவிகளைச் சொன்னோம், எதைச் சோதிப்பது என்பதைச் சொல்லாவிடின் பேச்சு நிறைவுறாது. ஆங்கிலப் படிவத்திற்கு இல்லாத மூன்று இன்னல்கள் தமிழ்ப் படிவத்திற்கு உண்டு.

முதலாவது நீளம். இதனை நாம் பட்டறிந்தோம். இப்போது பொத்தானில் ‘அனுப்புக’ என்று மட்டுமே எழுதியிருக்கிறோம். கைப்பேசி அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் முதியோர் பலர். அவ்வாறு பெரிதாக்கியும் பொத்தான் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது எழுத்தெண்ணிக்கை. ‘மீனாட்சிசுந்தரம்’ என்னும் பெயரில் நாம் எண்ணுவது 9 எழுத்துகள். கணினியோ உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி 16 என்று கொள்ளும். பெயருக்கு 15 இடம் என்று வரையறுத்தால், அன்னார் பெயரின் இறுதிப் புள்ளி விழுந்து ‘மீனாட்சிசுந்தரம’ என்று நிற்பார். இன்னும் சில படிவங்கள் ‘எழுத்து மட்டுமே இடுக’ என்று கட்டளையிட்டுப் புள்ளியையும் கொம்பையும் எழுத்தல்ல என்று தள்ளிவிடும். எங்கள் படிவத்திலும் அக்குறை இருந்தது. புள்ளியில்லாத தமிழ்ப் பெயர் எத்தனை கிடைக்கும்?

மூன்றாவது இன்னலைப் பிற மாநிலங்களில் வாழும் நாம் அனைவரும் அறிவோம். ‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்று ஒரு கட்டம் நிற்கும். நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. வங்கியிலும் பள்ளியிலும் இக்கட்டத்தின்முன் திகைத்து நின்ற நாமே, நம் மக்களுக்கென்று செய்த படிவத்திலும் அக்கட்டத்தைக் கட்டாயமாக வைத்திருந்தோம் என்றால், பழக்கத்தின் வலிமையை என்னென்பது! இன்று எங்கள் படிவத்தில் ‘பெயர்’ என்று ஒரே கட்டம் இருக்கிறது. ஓரெழுத்து முன்னொட்டையும் அது மறுக்காது ஏற்கிறது.

2025-ஆம் ஆண்டுப் படிவம் அணியமாயிற்று. கணினி ஏற்றுக்கொண்டது, மூன்று கைப்பேசிகளும் ஏற்றுக்கொண்டன, நாடகாசிரியனும் மூன்று எந்திரங்களிலும் நடத்திக் காட்டினான். எனினும் வெளியிடுமுன் அவ்வம்மையாரையே அழைத்து வந்து, தம் கைப்பேசியில் நிரப்புமாறு வேண்டினோம். நாம் ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல் அருகில் அமர்ந்திருந்தோம். பாதி எழுதியிருக்கையில், அவர் வேலை செய்யும் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பேசி முடித்துத் திரும்பினார். எழுதியது அனைத்தும் மறைந்து, படிவம் வெறுமையாக நின்றது. நினைவகம் குறைந்த பேசி, அழைப்புக்கு இடம் தரும்பொருட்டுப் பக்கத்தைக் கலைத்துவிட்டிருந்தது.

“பரவாயில்லை ஐயா, எப்போதும் இப்படித்தான் போகும், மறுபடி எழுதிக்கொள்வேன்” என்றார் அவர். அச்சொல் எம்மைச் சுட்டது. குறை கருவியினுடையது என்று அறியாது, தம்முடையது என்றே எண்ணிப் பொறுத்துப் பழகிய எத்தனை பேர் இருப்பர்! எந்தக் கருவியும் காட்டாத பிழையை அவர் ஒரு நொடியில் காட்டிவிட்டார். இளைஞர் அன்றிரவே, எழுத எழுத அக்கைப்பேசியிலேயே படி சேமிக்கப்படுமாறும், அனுப்பியவுடன் அப்படி அழியுமாறும் திருத்தியமைத்தார். பேசியை வீட்டில் பலர் பயன்படுத்துவர் ஆதலின் அழிப்பதும் இன்றியமையாததே.

நேயர்களே, தொகுத்துச் சொல்வோம். கையிலுள்ள பணத்தில் பாதிக்கு மேல் கணினிக்குச் செலவிடாதீர்கள். 16 ஜி.பி. நினைவகம் பாருங்கள். மலிவான ஆண்ட்ராய்டு ஒன்றும் பழைய ஐஃபோன் ஒன்றும் ஒரு கம்பியும் வைத்துக்கொள்ளுங்கள். இலவசக் கருவிகளை முதலில் கற்றுப் பின்னர் வாடகைக் கருவிகளை நாடுங்கள். இறுதியாக, யார் பொருட்டுச் செய்கிறீர்களோ அவரை ஒரு நாழிகை அழைத்து அருகில் அமர்த்துங்கள்.

அவ்வாண்டு அம்மையாரின் விண்ணப்பம் முதல் நாளே வந்து சேர்ந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சென்றாள்; கட்டணத்திற்கு உரிய பங்கு குழுவிலிருந்து போயிற்று. முந்தைய ஆண்டின் வட்டியை மட்டும் நாம் திருப்பித் தர இயலவில்லை. அவர் வாங்க மறுத்துவிட்டார். இவ்வாண்டும் படிவம் வெளியாகுமுன் முதலில் அவரிடமே செல்லும்.